இருபத்து நான்கில் ஒன்று

பகல் முழுக்க லோரிகளை எடை போடுகிறேன்,
பகாவுக்கு வெளியே, செம்பனை ஆலை வாசலில்.
குலையோடு வரும்போது இருபத்தோராயிரத்து நானூற்று அறுபது கிலோ,
கொட்டிவிட்டுத் திரும்பும்போது ஒன்பதாயிரத்து எண்ணூற்று எண்பது.
கழித்தால் குலை.
டயரில் ஒட்டிய சேறு இரண்டு தடவையும் ஏறுவதால்
கணக்கில் அது வருவதேயில்லை.

இரவில் என் மேசைமேல் இன்னொரு லோரி.
தொண்ணூறு கிராம்.
சமையல் தராசில் வைத்துப் பார்த்தேன், தொழில் புத்தி.

குணாளன் வண்டியின் பச்சை எந்தக் குப்பியிலும் இல்லை.
சிரம்பானில் வாங்கிய ராணுவப் பச்சையில்
மஞ்சள் மூன்று சொட்டு, வெள்ளை ஒன்று,
கை நடுங்கி இன்னொன்று.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்.
அக்ரிலிக்குக்கு அந்தச் சட்டம் கிடையாது.
நேற்று ஒன்றுக்கு ஒன்று தின்னர் போதும் என்றது.
இன்று அதே குப்பி, அதே சொட்டுக்குழாய்,
ஊசி முனையில் காய்ந்து அடைத்துக்கொண்டது.
நீர்த்துப்போனால்
கதவெல்லாம் சிலந்தி கால் விரித்து ஓடும்.
கெட்டியானால் காற்றிலேயே காய்ந்து
மணல் மணலாய் விழும்.
நடுவில் ஒன்று உண்டு:
கிண்ணத்துச் சுவரில் குச்சியால் ஏற்றிவிட்டால்
தயங்கி இறங்கும்,
பின்னால் மெல்லிய ஆடை விட்டுப் போகும்.
அதைக் கண்டதும் பேச்சை நிறுத்திவிடுவேன்,
அறையில் வேறு யாரும் இல்லாவிட்டாலும்.

பின்கட்டுத் தகரத்தில் மழை தொடங்கினால்
கம்ப்ரெசரும் கூடவே இருமும்.
குழாயில் கோர்த்த ஈரம் ஒரே துளியாய்த் துப்பும்;
அதுவரை அடித்ததெல்லாம் பாழ்.
பக்கத்து வீட்டு ஃபௌசியா சுவரைத் தட்டுவாள்.
மணி பதினொன்று.

முதல் பூச்சு பச்சை மாதிரியே இருக்காது,
மூச்சு பட்ட கண்ணாடி போல ஒரு மங்கல், அவ்வளவுதான்.
பொறுக்காமல் விசையை இழுத்தால் தொலைந்தது.
பத்து நிமிடம் விட்டு இன்னொன்று.
ஐந்தாவதில்தான்
பச்சை தன்னைப் பச்சையென்று ஒப்புக்கொள்கிறது.

கடைசியாகத் தூசி.
செம்மண் நிறம் ஒரு பங்கு, தின்னர் ஒன்பது.
அழுத்தத்தைப் பத்துக்கு இறக்கி
சக்கரத்துக்கு மேலே,
மட்கார்டு விளிம்பில்,
கதவின் கீழ்ப்பாதியில்,
எடைமேடைச் சன்னல் வழியே மூன்று வருடம் பார்த்த
அதே உயரத்தில்.
எனக்கு இதில்தான் பெருமை.
பச்சையை யாரும் அடிப்பார்கள்.

வெள்ளிக்கிழமை சன்னலில் நீட்டினேன்.
குணாளன் எஞ்சினை அணைக்கவில்லை.
உள்ளங்கையில் வைத்து ஒரு சுற்றுத் திருப்பினான்.
பின்னால் இரண்டு லோரிகள் ஹாரன் அடித்தன.

"என்ன கிராணி,
வண்டியைக் கழுவாமலே குடுத்துட்டீங்க?"

சிரிக்கிறான் என்று நினைத்தேன். இல்லை.

"ஞாயிறு தவறாம கழுவுறேன்.
ஒரு நாளாச்சும் பார்த்திருக்கீங்களா?"

ஞாயிறு எடைமேடை மூடியிருக்கும்.
நான் பார்த்ததெல்லாம் திங்கள் முதல் சனி.

ஒன்றுக்கு ஒன்பது. பிடிப்பில்லாத தூசி.
மேலே வார்னிஷ் இன்னும் அடித்திருக்கவில்லை.
கட்டைவிரலால் ஒரு இழுப்பு இழுத்தான்,
கதவில் பச்சை வந்தது, விரலகலம்.
இருபத்து நான்கால் பெருக்கினால் அரைக் கதவு.

எடைச் சீட்டுகளுக்கு மேலே
டாஷ்போர்டில் அதை நிறுத்தினான்.
என் தராசு பத்துக் கிலோவுக்குக் கீழே எதையும் அறியாது.
அறிந்திருந்தாலும்
திரும்பும்போதும் அது உள்ளேதான் இருக்கும்,
கழிந்துவிடும்.

"எத்தனை மணிக்குக் கழுவுவீங்க?"
கண்ணாடி ஏறிவிட்டிருந்தது.
வாயசைவில் படித்திருக்க வேண்டும்,
ஸ்டியரிங்கை விட்டுவிட்டு
ஏழு விரல் காட்டினான்,
ஒன்றில் செம்மண் நிறம்.